வாசகர் கேள்வி பதில்: மன்னர் ஜானும் 25 பிரபுக்களும்

குடியாத்தம் வாசகர்: மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தில் இங்கிலாந்து மன்னர் ஜான் கையெழுத்துப் போட்டார் என்று போட்டித் தேர்வு கைடில் இருக்கிறது. சரியா? பிரபுக்களுக்கு ஏன் அவ்வளவு கோபம்?

கையெழுத்து இல்லை, மெழுகு முத்திரைதான். சாசனத்தில் உள்ள தேதி 1215 ஜூன் 15. இடம் தேம்ஸ் கரையிலுள்ள ரன்னிமீட் புல்வெளி. ஒரு மதிப்பெண் கேள்வியாக வந்தால் இதை நம்பி எழுதுங்கள்.

கோபத்துக்குக் காரணம் பணம். 1204இல் பிரான்சுப் பக்கம் இருந்த தன் நார்மண்டிப் பகுதியை இழந்த ஜான், அதை மீட்கப் பிரபுக்களிடம் கறந்துகொண்டே இருந்தார். போருக்கு வராதவர் கட்டும் வரி ஒருபுறம். தந்தை இறந்தால் நிலம் மகன் கைக்கு வருவதற்கு அரசருக்குக் கட்டும் தொகை மறுபுறம். நிக்கோலஸ் டி ஸ்டட்வில் என்ற பிரபுவிடம் இப்படிக் கேட்டது 10,000 மார்க். 3 மார்க் 2 பவுண்டுக்குச் சமம், ஆகவே ஏறக்குறைய 6,666 பவுண்டு! சாசனத்தின் 2ஆம் ஷரத்து இதை 100 பவுண்டு என்று கட்டிப்போட்டது. 1214இல் பூவின் போரில் ஜானின் கூட்டாளிகள் பிரான்சிடம் தோற்றதும், கொடுத்த பணமெல்லாம் வீண் என்று ஆகிவிட்டது. அடுத்த மே மாதமே லண்டன் பிரபுக்கள் கையில்.

காட்பாடி, சட்டக் கல்லூரி மாணவி: மன்னர் வாக்கு மீறினால் என்ன செய்வது என்று அதில் வழி சொல்லியிருக்கிறார்களா?

61ஆம் ஷரத்து முழுக்க அதுதான். பிரபுக்கள் தங்களுக்குள் 25 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மீறல் நடந்தால் அவர்களில் 4 பேரிடம் முறையிடலாம். அந்த நால்வர் மன்னரிடம் எடுத்துச் சொல்லி, 40 நாள் பொறுக்க வேண்டும். அதற்குள் சரிசெய்யாவிட்டால் 25 பேரும் பெரும்பான்மைப்படி முடிவெடுத்து, அரசரின் கோட்டைகளையும் நிலங்களையும் கைப்பற்றலாம். அரசர், அரசி, பிள்ளைகள் மேல் மட்டும் கை வைக்கக் கூடாது. குறை தீர்ந்ததும் பழையபடி கீழ்ப்படிய வேண்டும்.

ஓட்டை எங்கே என்று உங்களுக்கே தெரியும்: வழக்குத் தொடுப்பவரே நீதிபதி, அவரே அமீனா. நடுநிலையான மூன்றாம் ஆள் கிடையாது. எந்த அரசரும் இதற்குக் கட்டுப்பட மாட்டார். ஜான் போப்பிடம் போனார். மூன்றாம் இன்னொசென்ட் ஆகஸ்ட் 24 அன்று சாசனம் செல்லாது என்று அறிவித்தார். உள்நாட்டுப் போர் மூண்டது. 1216 அக்டோபரில் ஜான் இறந்தார். அவர் மகன் 9 வயது மூன்றாம் ஹென்றியின் சார்பில் ஆட்சியைக் கவனித்த வில்லியம் மார்ஷல், 61ஆம் ஷரத்தை நீக்கிவிட்டு நவம்பரில் சாசனத்தை மறுபடி வெளியிட்டார்.

எங்கள் பார்வையில் 1215ஐவிட 1225தான் முக்கியம். அந்த ஆண்டு ஹென்றி அசையும் சொத்தில் பதினைந்தில் ஒரு பங்கு வரி பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாகச் சாசனத்தை உறுதிசெய்தார். வரி வேண்டுமானால் உரிமையைக் கொடு என்ற பேரம் அங்கே வேரூன்றியது. 1297இல் சட்ட ஏட்டில் ஏறியதும் இந்த 1225 சாசனத்தின் வாசகமே. நம் அரசியலமைப்பின் 265ஆம் பிரிவை, சட்ட அதிகாரமின்றி வரி இல்லை என்பதை, இதோடு சேர்த்துப் படியுங்கள்.

ஆற்காடு வாசகர்: ஏழை விவசாயிக்கு அதனால் பயன் உண்டா?

கொஞ்சம்தான். சட்டப்படி தீர்ப்பின்றிச் சிறையிடக் கூடாது என்ற 39ஆம் ஷரத்தின் பாதுகாப்பு ‘சுதந்திர மனிதருக்கு’ மட்டும். பண்ணையடிமைகள் அதில் சேரவில்லை. ஆனால் 20ஆம் ஷரத்துப்படி, அபராதம் என்ற பெயரில் அவர்களின் பயிர்த்தொழிலையே முடக்கிவிடக் கூடாது.

வாணியம்பாடி, தோல் தொழிலாளி: ஆட்டுத்தோலில் எழுதினார்களாமே. பட்டை போட்டுப் பதனிட்ட தோலா?

இல்லை. சுண்ணாம்பில் ஊறவைத்து முடி எடுத்து, சதை வழிப்பது வரை உங்கள் வேலைதான். பிறகு பட்டையும் இல்லை, குரோமும் இல்லை. ஈரத்தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறை வடிவக் கத்தியால் சுரண்டி, இழுவையிலேயே காயவிடுவார்கள். அதனால்தான் விறைப்பாக, எழுத ஏற்றதாக இருக்கிறது. பதனிடாததால் சூடு பட்டால் சுருங்கிவிடும். இன்றுள்ள 1215ஆம் ஆண்டுப் பிரதிகள் நான்கில் முத்திரையோடு இருப்பது ஒன்றுதான். 1731 தீ விபத்தில் சிக்கி அதன் முத்திரை உருகிக் கட்டியாகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் அதைச் சீர்செய்யப் போய் எழுத்தும் பெரும்பாலும் அழிந்தது. மற்ற மூன்று பிரதிகளை இன்றும் படிக்க முடிகிறது.