ஜெர்மனில் ஊருக்கு ஒரு சொல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

அண்ணா, அடுத்த மாதம் மியூனிக் போகிறேன். புத்தகத்தில் பன்னுக்கு 'ப்ரோட்ஷென்' என்றிருக்கிறது, அங்கே 'ஸெம்மல்' என்கிறார்களாமே. தப்பாகக் கேட்டால் சிரிப்பார்களா?

சிரிக்க மாட்டார்கள்மா, எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். வடக்கில் படித்த ஆள் போல என்று நினைப்பார்கள், அவ்வளவுதான். பெர்லினில் அதுவே 'ஷ்ரிப்பெ', ஸ்டுட்கார்ட் பக்கம் 'வெக்லெ'. நிஜமான குழப்பம் ஒரே சொல்லுக்கு ஊருக்கு ஊர் அர்த்தம் மாறும்போதுதான். 'ப்ஃபன்குஹென்' என்றால் மேற்கிலும் தெற்கிலும் தோசை மாதிரி சட்டியில் ஊற்றிச் சுடுவது. பெர்லினில் கேட்டால் உள்ளே ஜாம் வைத்துப் பொரித்த உருண்டை வரும்.

லைப்சிக்கில் நர்ஸாக இருக்கிறேன். 'ஃபியர்டெல் த்ரை'க்கு வா என்றார்கள், மூன்றேகாலுக்குப் போனேன், திட்டு விழுந்தது.

அது இரண்டேகால்! மூன்றாவது மணி நேரத்தில் கால் பங்கு ஓடியிருக்கிறது என்று கணக்கு. இரண்டரையை 'ஹால்ப் த்ரை' என்று நாடு முழுக்கச் சொல்கிறார்களே, அதே கணக்குதான். கிழக்கிலும் தென்மேற்கிலும் இது சாதாரணம், ஆனால் ஹாம்பர்க், கொலோன்காரர்களே இதைக் கேட்டால் விழிப்பார்கள், அதனால் உங்களைத் திட்டியது நியாயமே இல்லை. இனிமேல் "பதினான்கு பதினைந்துதானே?" என்று ஜெர்மனில் திருப்பிக் கேட்டுவிடுங்கள்.

வியன்னாவில் 'ச்சூஸ்' என்று விடைபெற்றால் சிலர் முகம் மாறுகிறதே, ஏன்?

வடக்கிலிருந்து வந்த சொல் தங்கள் சொல்லைத் தள்ளுகிறது என்ற வருத்தம் அங்கே நிறையப் பேருக்கு உண்டு, மியூனிக் இருக்கும் பவேரியாவிலும் உண்டு. பாசாவ் நகரில் ஒரு பள்ளி 2012-ல் 'ஹலோ', 'ச்சூஸ்' இல்லாத வளாகம் என்றே அறிவித்தது. ஆஸ்திரியா 1995-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது தன் 23 உணவுச் சொற்களைச் சேர்க்கை ஒப்பந்தத்தில் தனி இணைப்பாகவே சேர்க்க வைத்தது: உருளைக்கிழங்குக்கு 'ஏர்டெப்ஃபல்', தக்காளிக்கு 'பாரடைஸர்', ஆப்ரிகாட்டுக்கு 'மரில்லெ'. அவர்களிடம் போய் இதையெல்லாம் வட்டார வழக்கு என்று சொல்லிவிடாதீர்கள், அது அவர்களுடைய பொது மொழி. நீங்கள் விடைபெறும்போது 'ஸெர்வுஸ்' சொல்ல ஆரம்பியுங்கள், மேலதிகாரி, பெரியவர்களிடம் மட்டும் 'அவுஃப் வீடர்ஸேஹன்'.

அப்போ எதுதான் சரியான ஜெர்மன், சகோ?

ஹனோவரில்தான் சுத்தமான ஜெர்மன் என்ற நம்பிக்கை ஜெர்மானியர்களிடமே பரவலாக இருக்கிறது. அது உச்சரிப்பைப் பற்றிய பேச்சு. சொற்களுக்கு அந்த வாதம் செல்லாது. சனிக்கிழமைக்கு 'ஸாம்ஸ்டாக்', 'ஸோன்ஆபெண்ட்' இரண்டுமே அகராதியில் இருக்கிறது, இரண்டுமே சரி. எந்த ஊரில் வேலையோ அந்த ஊர்ச் சொல்லைப் பேசுங்கள், மற்றதைக் கேட்டால் புரியும் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'அட்லஸ் ட்ஸூர் டாய்ட்ஷன் அல்டாக்ஸ்ப்ராஹெ' என்று இணையத்தில் தேடினால் எந்தச் சொல் எங்கே புழங்குகிறது என்று வரைபடமாகவே கிடைக்கும், கிளம்பும் முன் உங்கள் ஊரைப் பார்த்துவிடுங்கள்.