வாய்க்கா கரையில சைக்கிள்: கேட்டவங்களுக்கு என் பதில்

பாளையங்கோட்டையில இருக்கேன். ஞாயித்துக்கிழமை சைக்கிள் எடுத்தா பஸ்காரன் ஹாரன் அடிச்சே நம்மள ரோட்டை விட்டு எறக்கிடுறான். வண்டியே வராத ரூட்டு நம்ம பக்கம் இருக்கா அண்ணாச்சி?

இருக்கு, ஆனா ரோட்டைத் தேடுனா கெடைக்காது, வாய்க்காலத் தேடணும். தாமிரபரணியில மேல இருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டு இருக்கு, ஒவ்வொண்ணுலயும் கால்வாய் பிரியுது, கால்வாய் இருந்தா கரை இருக்கும், கரை இருந்தா நம்ம சைக்கிள் போகும். அதுல எனக்குப் பிடிச்சது கன்னடியன் கால்வாய். கல்லிடைக்குறிச்சியில ஆரம்பிச்சு வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மாதேவி, பத்தமடை, மேலச்செவல், கோபாலசமுத்திரம்னு இந்தக் கால்வாய் பாயுற ஊர் வழியாவே வந்துடலாம். சில எடத்துல தார், சில எடத்துல செம்மண், சில எடத்துல கரையே ஒத்தையடிப் பாதையா சுருங்கி ரெண்டு பக்கமும் புல்லு முழங்கால உரசும். வழி அடைஞ்சிருந்தா ஊருக்குள்ள புகுந்து அடுத்த பாலத்துல திரும்ப ஏறிக்கோங்க, கரையிலயேதான் போவேன்னு அடம் பிடிக்காதீங்க.

கன்னட தேசத்துல இருந்து வந்த ஒருத்தர் கையில கெடைச்ச பொன்னையெல்லாம் கொட்டி வெட்டுனது, ஒரு பசு நடந்த தடம்தான் வாய்க்கா, அது படுத்த எடமெல்லாம் குளம்னு ஊர்ல கதை சொல்வாங்க. மாடு வேணும்னு மேட்டுல ஏறாதுல்ல, அதனாலயோ என்னவோ இந்த ரூட்ல கியர் மாத்த வேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்ல.

எங்க நிக்கணும்னு கேட்டா, கல்லிடைக்குறிச்சியில குலசேகரமுடையார் கோயில் நடராஜர், 1982-ல திருடு போயி ஆஸ்திரேலியா மியூசியத்துல நின்னுட்டு 2019-ல வீடு திரும்புனவரு. வீரவநல்லூர்ல இருந்து ஆத்துப் பக்கம் எறங்குனா திருப்புடைமருதூர். அங்க கோபுரத்துக்குள்ள நிலை நிலையா மரச்சிற்பமும் சுவர் ஓவியமும் இருக்கு, திறந்து காட்ட ஆள் இருந்தா விட்டுடாதீங்க. வெளிய வந்தா மருத மரம் பூராம் நாரையும் கொக்கும்தான். பறவைகளுக்காக 2005-லயே அரசு காப்பிடமா அறிவிச்ச ஊரு. மரத்தடியில சைக்கிள நிறுத்திட்டு கோயிலுக்குள்ள போயிட்டு வந்து பாருங்க, சீட்டு வெள்ளையா இருக்கும்.

வெளிநாட்டுல பழைய ரயில் பாதைய சைக்கிள் பாதையா மாத்திருக்காங்களே, அது மாதிரி இங்க ஏன் இல்ல?

ஸ்பெயின்ல 1993-ல இருந்து அத ஒரு திட்டமாவே பண்றாங்க. ஆண்டலூசியாவுல ஒல்வேராவுக்கும் புவெர்த்தோ செர்ரானோவுக்கும் நடுவுல 36 கிலோமீட்டர் பாதை, 30 குகைப் பாதை, 4 பெரிய பாலம், எல்லாம் கட்டி முடிச்சும் ஒரு ரயில் கூட ஓடாமப் போன லைன் அது, இப்போ சைக்கிள்காரங்க போறாங்க. பிரான்ஸ்ல ஜிவ்ரியில இருந்து க்ளூனி வரைக்கும் உள்ள பாதை 1997-ல திறந்தது, அதுவும் பழைய ரயில் தடம்தான்.

நம்ம கதை வேற, இங்க லைன் செத்தாதான பாதை ஆக்க முடியும்! திருநெல்வேலி – செங்கோட்டை லைன் நூறு வருஷம் தாண்டியும் ஜம்முனு ஓடுது, அது அப்படியே ஓடட்டும். நின்னுபோனதுன்னு பாத்தா திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், திசையன்விளை பக்கம் ஓடுன சின்ன ரயில், அது 1940-லயே முடிஞ்சுபோச்சு. ரயில் செங்குத்தா ஏறாது, அதனாலதான் அந்தப் பாதையில மூச்சு வாங்காம மிதிக்க முடியுது. தண்ணியும் அப்படித்தான், சரிவு பாத்து மெல்லமா தவழ்ந்து வரும். அவங்களுக்குத் தண்டவாளம் குடுத்தத நமக்கு வாய்க்கா எப்பவோ குடுத்தாச்சு. ஒரே வித்தியாசம், அங்க ரயில் போயிருச்சு, இங்க வாய்க்கா இன்னும் வேலை பாக்குது, அதனால கரை முதல்ல விவசாயிக்கு, அப்புறம் மாட்டுக்கு, வாத்துக்கு, கடைசியிலதான் உங்க சைக்கிளுக்கு.

எந்த மாசம் வரலாம்? சென்னையில இருந்து நாலு பேர் வர்றோம்.

மார்கழி, தை. பிசானம் நெல்லு பச்சையா நிக்கும், வாய்க்கால்ல தண்ணி ஓடும், வெயிலும் தாங்கும். ஆனா மழை முடிஞ்ச கையோட ஓடி வராதீங்க, 2023 டிசம்பர் வெள்ளத்துல கரைங்க பட்ட பாடு உங்களுக்கே தெரியும், ஒரு வாரம் காயவிட்டு ஊர்ல விசாரிச்சுட்டு ஏறுங்க. மாசி பங்குனியில அறுப்பு மிஷின் கரையில ஏறி பள்ளம் பறிச்சிருக்கும், நெல்லும் காயும், அது மேல சைக்கிள விட்டீங்கன்னா திட்டு விழும், விழவும் வேணும், எறங்கி உருட்டிட்டுப் போங்க. வைக்கோல் ஃப்ரீவீல்ல சுத்திக்கிட்டா தனிக் கூத்து.

சித்திரையில வரவே வேணாம்.

ஆனி ஆடியில வர்றதா இருந்தா ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, காத்து. செங்கோட்டை கணவாய் வழியா மேகாத்து கெழக்கப் பாத்து அடிக்கும். மொத தடவை இது புரியாம நான் சேரன்மாதேவியில இருந்து அம்பாசமுத்திரத்துக்கு மேக்க மிதிச்சேன், பக்கத்துல நடந்து போன பாட்டி என்னையத் தாண்டிப் போயிட்டாங்க, பொய் இல்ல. காலையில ரயிலப் பிடிச்சு மேக்க போயி, சைக்கிள கெழக்கப் பாத்து விடுங்க, காத்தே வீட்டுல கொண்டாந்து சேத்துடும்.

ரயில்ல சைக்கிள் ஏத்த விடுவாங்களா?

சாதா சைக்கிள்னா பார்சல் ஆபீஸ்ல புக் பண்ணணும், எந்த ஸ்டேஷன்ல ஏத்தி எறக்க முடியும்னு மொத நாளே கேட்டுக்கோங்க. மடக்குற சைக்கிள பையில போட்டுட்டா தலைவலி கொறையும். இல்லையா, அம்பையில, அதான் அம்பாசமுத்திரத்துல, தெரிஞ்சவங்க வீட்டுல ஒண்ணு போட்டு வைங்க, நான் அப்படித்தான்.

எந்த சைக்கிள், எந்த டயர்? ரோடு பைக் இருக்கு, போதுமா?

போதாது. மெல்லிசு டயர் செம்மண்ணுல முங்கும். 35 மில்லிமீட்டருக்கு மேல அகலம் இருந்தா நல்லது, பால்காரர் வச்சிருக்கிற பெரிய சைக்கிள் எல்லாத்தையும் விட நல்லது.

அத விட முக்கியம் முள்ளு. கரை நெடுக சீமை உடை, அதான் சீமைக் கருவேலம், வேலிக்கு வெட்டிப் போட்ட கெளைய எவனாவது இழுத்துட்டுப் போயிருப்பான், முள்ளு மண்ணுக்குள்ள நட்டுக்கிட்டு நிக்கும். பஞ்சர் ஆனா ட்யூப மட்டும் ஒட்டிட்டு மாட்டிடாதீங்க. ட்யூப கழட்டி காத்தடிச்சு வாய்க்கா தண்ணியில அமுக்குங்க, முத்து முத்தா குமிழி வர்ற எடம்தான் ஓட்டை, அங்க பேனாவால ஒரு வட்டம். அப்புறம் டயருக்கு உள்பக்கமா வெரல மெதுவா ஓட்டிட்டே வாங்க, உடைஞ்ச முள்ளு முனை கடுகத்தனைக்கு நிக்கும், கண்ணுக்குத் தெரியாது, வெரலுக்குத்தான் தெரியும். மேலச்செவல் தாண்டி ஒரே முள்ளுக்கு நான் மூணு தடவை ஒட்டிருக்கேன். மூணாவது தடவை ஆடு மேச்சுட்டு இருந்த பெரியவரு வந்து, "என்னடே, ட்யூபுக்கு வைத்தியம் பாக்க, டயருக்குப் பாக்க மாட்டியா?"ன்னு கேட்டு அவரே முள்ள நகத்தால நெம்பி எடுத்துக் குடுத்தாரு.

ஹெல்மெட்ல கேமரா மாட்டிக்கிட்டு ஓட்டலாமா?

படித்துறை வந்தா ஆஃப் பண்ணணும், இதுல பேச்சே கெடையாது. பொம்பளைங்க குளிக்காங்க, துவைக்காங்க, அது அவங்க வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. தூரத்துலயே பெல் அடிங்க, எறங்கி நேரா பாத்து உருட்டிட்டுப் போங்க. வழி கேக்கணும்னா டீக்கடையில கேளுங்க, படித்துறையில வேணாம்.

அப்பாவுக்கு 64 வயசு, நல்லா மிதிப்பாங்க. நவதிருப்பதி பெருமாள் கோயில் ஒன்பதும் ஒரே நாள்ல சைக்கிள்ல முடியுமா?

தூரம் பிரச்சனையே இல்ல, எல்லாம் சமதரை, ரெட்டைத் திருப்பதியில ரெண்டு கோயில் பக்கத்துல பக்கத்துல. பிரச்சனை நடை சாத்துற நேரம். மத்தியானம் பூட்டுன கதவு முன்னால அப்பாவ உக்கார வைக்காதீங்க, ரெண்டு நாளா பிரிங்க, மொத நாள் ராத்திரி ஸ்ரீவைகுண்டத்துலயோ ஆழ்வார்திருநகரியிலயோ தங்கிடுங்க. கோயில் சாத்துன நேரத்துல ஆதிச்சநல்லூர் போங்க, ரோட்டு ஓரம் பொத்தை மாதிரி, சின்னக் குன்றா கெடக்கிற அந்த மண்ணுக்குள்ளதான் அந்தக் காலத்துல செத்தவங்கள வச்சுப் புதைச்ச தாழிய தாழி தாழியா எடுத்தாங்க, தொல்லியல் ஆராய்ச்சிக்காரர் அலெக்சாண்டர் ரியா தோண்டுனதே 1899-க்கு அப்புறம், இப்போ குழிக்குள்ள இருக்கிற தாழிய இருக்கிற எடத்துலயே கண்ணாடி போட்டுக் காட்டுறாங்க. மருதூர் கால்வாய்க் கரையும் அந்தப் பக்கம்தான், சாயங்காலம் நெழல் விழுந்தப்புறம் அதுல ஏறலாம். திருச்செந்தூர் மெயின் ரோட்ட மட்டும் குறுக்க தாண்டுறதோட நிறுத்திக்கோங்க, அதுல நேரா போகணும்னு ஆசப்படாதீங்க.

மணிமுத்தாறு வழியா மாஞ்சோலைக்கு சைக்கிள்ல ஏறணும்னு ரொம்ப நாள் ஆசை.

ஆசைய இப்போதைக்கு மடிச்சு வைங்க தம்பி. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், வனத்துறை செக்போஸ்ட் தாண்டி நம்ம இஷ்டத்துக்கு மிதிக்க முடியாது. அடிவாரத்துலயே சிவசைலம், கடையம் பக்கம்லாம் கரடி எறங்குது, அதனால அங்கயும் விடியுறதுக்கு முன்னால கெளம்பாதீங்க, நல்லா வெளிச்சம் வந்தப்புறம் போனா போதும். கடையத்துல நின்னா மலை முழுசா தெரியும், பாரதியார் மாமனார் ஊரு, 1918-ல புதுச்சேரிய விட்டு வந்து ரெண்டு வருஷம் போல இருந்திருக்காரு. ராமநதி பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு கீழக்கடையம் ஸ்டேஷனுக்கு வந்துடுங்க, மேகாத்து காலமா இருந்தா ரயில் கூட வேணாம், அப்படியே கெழக்க விடுங்க.