உயிர்வேலியும் செயற்கைக்கோளும்

அன்புள்ள ஐயா,

உயிர்வேலிகள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே நிலத்தைப் படமெடுக்கின்றன, படங்களும் இலவசம். அப்புறம் எதற்கு வேலிகளைக் கணக்கெடுக்க ஆட்கள் இன்னும் வரப்பில் நடக்கிறார்கள்? இன்னொன்று: எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலி நான் இறக்கிய படத்தில் தென்படவே இல்லை. எடுத்துவிட்டார்களா?

ச.

அன்புள்ள ச.,

வேலி அங்கேயேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். சென்டினல்-2 படத்தில் மிக நுணுக்கமான பிக்சலே தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். உங்கள் வேலி 2 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், பிக்சலில் ஐந்தில் ஒரு பங்குதான் அதற்கு. மீதி நாலு பங்கும் பயிருக்கு. ஒரு பிக்சலுக்கு ஒரே நிறம். பயிரின் பச்சையில் வேலியின் பச்சை கரைந்துபோகிறது. அறுவடை முடிந்து, வேலியில் இன்னும் இலை இருக்கும் நாட்களில் எடுத்த, மேகமில்லாத படத்தைத் தேடிப் பாருங்கள். வெளிறிய வயல்களுக்கு நடுவே அதே வேலி மெல்லிய பச்சைக் கோடாகத் தெரிய வாய்ப்பு அதிகம்.

விமானப் படம் இன்னும் நுணுக்கமானது. 25 சென்டிமீட்டர் பிக்சலில் புதரும் புதரும் பிரியும் இடம்கூடத் தெரியும். ஆனால் வெயில் சாய்ந்த நேரத்துப் படமென்றால், நிழலையும் வேலி என்றே கணினி அளந்துவிடுவதுண்டு. உயரம் வேண்டுமானால் லைடார்தான். விமானத்திலிருந்து போகும் லேசர் ஒளி இலையில் பட்டும் தரையில் பட்டும் திரும்புகிறது. இரண்டும் திரும்பும் நேரத்தில் உள்ள வித்தியாசத்தை வைத்து வேலியின் உயரத்தைக் கணக்கிடலாம். இங்கிலாந்தின் வேலிகளை லைடாரை வைத்து வரைபடமாக்கி 2024இல் வெளியிட்டார்கள். மொத்த நீளம் சுமார் 3,90,000 கிலோமீட்டர்! இதை நடந்தே அளக்க யாராலும் முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு வேலி காணாமல் போனதா என்று சொல்வதற்கு அவசரப்படக்கூடாது. கிளைகளைக் கழித்தாலும் பச்சை குறையும், வேரோடு பிடுங்கினாலும் குறையும். அந்த மாதத்துப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கழித்த வேலி அடுத்த பருவத்தில் துளிர்த்துவிடும், பிடுங்கியது துளிர்க்காது. அதுவரை காத்திருக்காமல், ஒற்றைப் படத்தைக் காட்டி ஒரு விவசாயி மேல் பழி போடுவது அநியாயம்.

சரி, ஏன் நடக்க வேண்டும்? விமானப் படத்தில் இடைவெளியே இல்லாமல் தெரிந்த ஒரு வேலியை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தேன். மேலே அடர்ந்த இலை. குனிந்தால், முழங்கால் உயரம் வரை வெறும் தண்டுகள். அவற்றினூடே அந்தப் பக்கத்து வயலின் உழவுச்சால்களை எண்ண முடிந்தது. தரையோரம் கூடு கட்டும் பறவைக்கு அங்கே மறைவே இல்லை. வேலியின் அடி இப்படி வெறுமையாவதுதான் எனக்குப் பெரிய கவலை. உச்சி மூடியிருக்கும்வரை மேலிருந்து எடுக்கும் சாதாரணப் படத்தில் அது தெரியாது.

உங்கள் வேலியையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். அறுவடைக்குப் பிந்தைய படம் கிடைத்தால் அதையும் அனுப்புங்கள்.

அன்புடன்