மாடி ஏறினால் நெஞ்சு இறுக்கம்: கேஸ்தானா?

கேள்வி: வயது 52, சர்க்கரை உண்டு. மாடி ஏறினால் நடுநெஞ்சு இறுகுகிறது, நின்றால் போய்விடுகிறது. முந்தாநாள் டிவி பார்க்கும்போதும் வந்தது. போன மாதம் எடுத்த ஈசிஜி நார்மல். ஏப்பம், இடது மார்பில் ஊசிக்குத்து, ராத்திரியில் கை மரத்துப்போவதும் உண்டு. கேஸ் மாத்திரை போடுகிறேன். யூடியூபில் பார்த்துப் பூண்டு-இஞ்சிச் சாறும் குடிக்கிறேன். பயப்பட வேண்டுமா?

பதில்: டிவி பார்க்கும்போது வந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதற்காக இன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள். கிளம்புமுன் மறுபடி வலித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏறும்போது வந்து, நின்றால் அடங்கும் இறுக்கம் பெரும்பாலும் ஆஞ்சைனா. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய் கொழுப்புப் படிந்து குறுகிவிட்டால், உட்கார்ந்திருக்கும்போது ரத்தம் போதும், ஏறும்போது போதாது. அதனால்தான் படுக்க வைத்து எடுத்த ஈசிஜி நார்மலாக வந்திருக்கலாம். அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

அதே வலி சும்மா இருக்கும்போதும் வந்தால் கதை வேறு. கொழுப்புப் படிவு கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறையத் தொடங்கியிருக்கலாம். குழாய் முழுக்க அடைத்துக்கொண்டால் அதுதான் மாரடைப்பு. மருத்துவமனையில் மறுபடி ஈசிஜியும், இதயத் தசை சேதமாகியிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள், தேவைப்பட்டால் குழாய் அடைப்பைப் படம்பிடிக்கும் ஆஞ்சியோகிராம். நீங்களாக ஏதாவது லேபுக்குப் போய், நடக்க வைத்து ஈசிஜி எடுக்கும் ட்ரெட்மில் டெஸ்டுக்கு ஏறிவிடாதீர்கள். இந்த நிலையில் அது ஆபத்து.

சர்க்கரை இருப்பவர்களுக்கு நரம்பு மழுங்கி, வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பும் வியர்வையுமாகக்கூட மாரடைப்பு வரும். 'லேசாகத்தானே வலித்தது' என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு விரலால் தொட்டுக் காட்டி, நொடியில் மறைகிற ஊசிக்குத்து பெரும்பாலும் இதயம் சம்பந்தப்பட்டதல்ல. ராத்திரியில் மட்டும் மரத்துப்போகும் கைக்குக் காரணம் அநேகமாக நரம்பு அழுத்தம். இவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஏப்பத்தை வைத்து மட்டும் கேஸ் என்று முடிவு கட்டாதீர்கள், மாரடைப்பிலும் ஏப்பம் வரும். எந்தச் சாறும் குழாய் அடைப்பைக் கரைக்காது. யூடியூபில் சொன்னார்கள் என்று குடித்துக்கொண்டு நாளைக் கடத்துகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

நெஞ்சு வலிக்கு என்று யாரோ கொடுத்த சார்பிட்ரேட் மாத்திரையையும் நாக்கடியில் வைக்காதீர்கள். பிரஷர் சட்டென்று இறங்கும். வயாகரா வகை மாத்திரை போட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. அப்படிப் போடுவதுண்டு என்றால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

போகும்போது பழைய ஈசிஜியையும் சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.