ஆயிரம் மைலும் ஒரு பை பில்லும்

போன மாதம் ஒரு வாசகருக்குப் பைக் டயர் பற்றி நாலு வரி எழுதினேன். அன்றிலிருந்து வரும் கடிதங்களில் பாதி பைக் கடிதம்தான். அதிலும் பலருக்கு ஒரே ஆசை: ஒரே நாளில் ஆயிரம் மைல். அமெரிக்காவில் அயர்ன் பட் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் ஆயிரம் மைல், நம் கணக்கில் சுமார் 1,610 கிலோமீட்டர், ஓட்டிவிட்டு ஆதாரம் அனுப்பினால் சரிபார்த்துச் சான்றிதழ் தரும். 'சேடில்சோர்' என்று அந்த ஓட்டத்துக்குப் பெயர். உட்கார்ந்து உட்கார்ந்து வரும் புண் என்று அர்த்தம். பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். இந்த முறை அந்தக் கடிதங்கள் மட்டும்.

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து ஹூப்ளி போய்த் திரும்பினால் 1,600 சொச்சம் வருகிறது. 350 சிசி வண்டி. ஜாக்கெட், பூட்ஸ், ஜெல் சீட், கூடுதல் விளக்கு, போன் ஹோல்டர் என்று 42,000 ரூபாய்க்குப் பட்டியல் போட்டிருக்கிறேன். எதை முதலில் வாங்கலாம்? (மன்னார்குடி)

பதில்: எதையும் வாங்காதீர்கள் தம்பி. முதலில் ஒரு வகுத்தல் கணக்கு. நாலுவழிச் சாலையில் இருசக்கர வண்டிக்கு மத்திய அரசு 2018ல் வைத்த உச்ச வேகம் மணிக்கு 80. 1,600ஐ 80ஆல் வகுத்தால் 20 மணி நேரம். அதுவும் திருச்சி, சேலம், கிருஷ்ணகிரி, பெங்களூரு, சித்ரதுர்கா முழுக்க முள் எண்பதிலேயே நின்றால். பெங்களூருக்குள் எண்பதா? மீதி நாலு மணி நேரத்தில் பெட்ரோல் போட ஆறு தடவையாவது நிற்க வேண்டும். தடவைக்குக் கால் மணி என்றாலே ஒன்றரை மணி போச்சு. அப்புறம் சாப்பாடு, ஒதுங்குவது, பெங்களூரு நெரிசல். தூக்கத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. சட்ட வேகத்தில் இதை முடிப்பது நூல்மேல் நடக்கிற வேலை. சட்டத்தை மீறித்தான் முடியும் என்றால், அதற்கு நான் பட்டியல் போட்டுத் தரமாட்டேன்.

ஆனாலும் ஆசை யாரை விட்டது? சரி, இப்போது இருக்கிற உடுப்போடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரை போய்த் திரும்புங்கள். அடுத்த மாதம் கன்னியாகுமரி. போக வர எண்ணூற்றைத் தாண்டும். இடுப்பு வலித்தால் சீட்டைக் கவனியுங்கள். மணிக்கட்டு மரத்தால் ஹேண்டில்பாரைக் கவனியுங்கள். கண் எரிந்தால் நல்ல வைசர். வலித்த இடத்துக்கு மட்டும் காசு போடுங்கள். உங்கள் 42,000 பன்னிரண்டாயிரத்தில் நின்றுவிடும்.

இன்னொன்று. தை, மாசி வேண்டவே வேண்டாம். அறுவடை சமயத்தில் நம் பக்கத்து ரோட்டில் பாதி நெல்லுக்குப் போய்விடும். களம் பற்றாத விவசாயி எங்கே போவார்? அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் நெல்லைச் சுற்றி வரிசையாகக் கருங்கல் வைத்திருப்பார்கள். நெல்லை அள்ளிக்கொண்டு போனபிறகும் கல் அங்கேயே கிடக்கும். விடிகாலை மூன்று மணிக்கு, எதிரே வருகிற வைக்கோல் லாரியின் வெளிச்சத்தில் அது தெரியாது. வடுவூர் பக்கம் என் முன்சக்கரம் அப்படி ஒரு கல்லை முத்தமிட்டிருக்கிறது. ரிம் வளைந்தது, 1,700 ரூபாய்.

கேள்வி: ரோட்டோரத்தில் 350 ரூபாய்க்கு ஹெல்மெட். ஐஎஸ்ஐ ஸ்டிக்கர் இருக்கிறது. நம்பலாமா? (கும்பகோணம்)

பதில்: ஸ்டிக்கரை நம்பலாம், நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஹெல்மெட்டை நம்ப முடியாது. முத்திரைக்கு மேலே ஐஎஸ் 4151 என்ற ஹெல்மெட் தர எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். முத்திரை தரும் அரசு அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம் என்று காட்டும். காட்டாவிட்டால் அது சட்டி.

கேள்வி: 6,800 ரூபாய்க்கு ரைடிங் ஜாக்கெட் வாங்கினேன். மூன்றாம் நாள் ஜிப் பிய்ந்துவிட்டது. கடையில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற போர்டைக் காட்டுகிறார்கள். பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும் என்றார்கள், அதனால் நானும் பில் வேண்டாம் என்றுவிட்டேன். (திருவாரூர்)

பதில்: உங்கள் கடிதத்தின் முதல் மூன்று வரியில் உங்கள்மேல் பரிதாபம் வந்தது. கடைசி வரியில் போய்விட்டது.

முதலில் போர்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இதை நேராகவே சொல்கிறது. பழுதான பொருளைப் பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகம். அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: பில் கொடுக்காததும் முறையற்ற வணிகம். ஆக அந்தக் கடைக்காரர் இரண்டு தப்பு செய்திருக்கிறார், இரண்டாவதற்கு நீங்கள் துணை போயிருக்கிறீர்கள். ஜிபேயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவை எடுத்து வையுங்கள், அது பாதி பில். எழுத்தில் ஒரு புகார் கொடுங்கள். 1915க்குப் போன் செய்யுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய நாளிலிருந்து இரண்டு வருடம் வரை போகலாம், ஐந்து லட்சம் ரூபாய்ப் பொருள்வரை கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

இப்போது என் வயிற்றெரிச்சல். இந்த ஆயிரம் மைல் ஓட்டமே பில்லில்தான் நிற்கிறது, தெரியுமா? கிளம்பும் இடத்தில் பெட்ரோல் போட்ட பில்லில் இருக்கிற நேரம்தான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிற நேரம். கடைசி பில்லோடு கடிகாரம் நிற்கும். நடுவில் ஒவ்வொரு பங்கிலும் ஊர், தேதி, நேரம் உள்ள பில்லை வாங்கி, கிலோமீட்டர் எண்ணை அதில் எழுதிவைக்க வேண்டும். காரில் போகிறவனுக்காவது டோல்கேட் பதிவு இருக்கும். நம் தேசிய நெடுஞ்சாலையில் பைக்குக்குச் சுங்கம் கிடையாது, ஓரச் சந்தில் நுழைந்து போய்விடுவோம். அதனால் பெட்ரோல் பில்தான் நமக்கு முக்கியச் சாட்சி. எத்தனை பெரிய வீரனாக இருந்தாலும் பில் இல்லையென்றால் அவன் ஓட்டவே இல்லை. நுகர்வோர் ஆணையத்திலும் அதே கதைதான். வெள்ளைக்காரன் ஊர்ச் சங்கத்துக்கு அனுப்ப ஆறு பில் பத்திரமாக வைக்கிறவர், ஏழாயிரம் ரூபாய் ஜாக்கெட்டுக்கு ஒரு பில் கேட்கக் கூச்சப்படுகிறார்.

நானும் ஒரு தடவை கிளம்பியவன்தான். பெட்ரோல் டேங்க்மேல் மாட்டுகிற டேங்க் பேக் ஒன்று 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். அதன் மேல்பக்கத்தில் கண்ணாடித்தாள் பை. பில்லை எல்லாம் அதில் அடுக்கிவைத்தால் கண்ணுக்கு முன்னால் இருக்கும் என்று கணக்கு. மே மாதம். பெரம்பலூர் தாண்டி டீக்கு நிறுத்திவிட்டுப் பார்த்தால், பில் எல்லாம் பாதி கறுத்து, பாதி வெளுத்து, அப்பளம் மாதிரி சுருண்டு கிடக்கிறது. பங்கில் தருவது சூட்டில் எழுத்து விழுகிற தாள். அதையே மறுபடி சூட்டில் வைத்தால்? அன்றைக்கு ஓட்டியது ஓட்டினேன், ஆதாரம் கரியாகிவிட்டது. பில் கைக்கு வந்த நிமிடமே போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். தாளைச் சட்டைப்பையில் வையுங்கள். ஜாக்கெட் பில்லுக்கும் இதேதான். கடையைவிட்டு வெளியே வருமுன்.

கேள்வி: வாட்ஸ்அப் குழு ஒன்றில் 'சர்வதேச ரைடர் சான்றிதழ், டி-ஷர்ட், பேட்ஜ்' என்று 3,500 ரூபாய் வாங்கினார்கள். மூன்று முறை தேதி மாற்றினார்கள். இப்போது போன் எடுப்பதில்லை, என்னைக் குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். வீட்டில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. (பட்டுக்கோட்டை)

பதில்: வெட்கம் உங்களுக்கு எதற்கு? ஏமாற்றியவனுக்கு வரவேண்டியது. வீட்டில் சொல்லுங்கள், அதற்கு முன்னால் 1930க்கு அழையுங்கள். ஆன்லைன் பண மோசடிக்கான எண் அது. பணம் போன நேரம், யுபிஐ எண், குழுவில் வந்த செய்திகளின் படம் எல்லாம் கையில் இருக்கட்டும். நாள் ஆகிவிட்டதே என்று விடாதீர்கள். உங்களைப்போல் அந்தக் குழுவில் இன்னும் எத்தனை பேரோ. ஒரே எண்மேல் நாலு புகார் சேர்ந்தால் கனம் வேறு.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: சான்றிதழ் என்பது ஓட்டி முடித்து, ஆதாரம் காட்டியபிறகு வருவது. ஓட்டுவதற்கு முன்னாலேயே அதை விற்கிறவன், பிறக்காத குழந்தைக்கு மாற்றுச் சான்றிதழ் விற்கிறவன்.

கேள்வி: ஜெல் சீட் வாங்கலாமா? (மயிலாடுதுறை)

பதில்: என்னிடம் ஒன்று இருக்கிறது. 2,400 ரூபாய். இப்போது எங்கள் வீட்டுப் பூனை அதில் படுக்கிறது. அதற்கு மிகவும் பிடித்திருக்கிறது. கடையில் கையால் அமுக்கும்போது மெத்தென்று இருந்தது. இருநூறு கிலோமீட்டரில் ஜெல் இரண்டு பக்கமும் ஒதுங்கி, நடுவில் இடுப்பு எலும்பு பலகைமேல் உட்கார்ந்தது. வெயிலில் நிறுத்தினால் தோசைக்கல். நீண்ட தூரத்துக்கு மெத்தென்ற சீட்டைவிடக் கெட்டியான, அகலமான சீட்தான் தாங்கும். உங்கள் ஊரில் சீட் கவர் தைக்கிறவரிடம் போய், வண்டியில் உட்கார்ந்து காட்டி, கெட்டி ஃபோம் வைத்துத் தரச் சொல்லுங்கள். உள்ளாடையின் தையலையும் பாருங்கள். புண் பெரும்பாலும் அந்தத் தையல் ஓரத்தில்தான் தொடங்கும். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் தையல் உறுத்தாத டிரவுசர் நல்லது.

கேள்வி: ஹேண்டில்பாரில் போன் மாட்ட எந்த ஹோல்டர் நல்லது? (நாகப்பட்டினம்)

பதில்: உங்கள் சட்டைப்பை. வழியைக் காதில் கேளுங்கள். பைக் எஞ்சின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஐபோன்காரர்களே 2021ல் எச்சரித்தார்கள். மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்ததாகப் பார்த்து, பழைய போனை மாட்டுங்கள்.

கேள்வி: புது டயர் என்று சொல்லிப் பின்டயர் மாட்டினார்கள். பில் வைத்திருக்கிறேன். டயரின் பக்கவாட்டில் 1820 என்று இருக்கிறது. இது விலையா? (பாபநாசம்)

பதில்: விலை இல்லை, பிறந்த தேதி. 2020ஆம் வருடம், 18ஆவது வாரம். ஓடாத டயர் என்பதால் 'புதுசு' என்று கடைக்காரர் வாதாடுவார். ஓடாவிட்டாலும் ரப்பர் இறுகும். போன வாரத்து இட்லியை யாரும் தொடவில்லை என்பதற்காக அது புது இட்லி ஆகிவிடாது. பில் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், உங்கள் வாய்க்குச் சர்க்கரை. அந்த நாலு இலக்கத்தையும் பில்லையும் சேர்த்து ஒரு படம் எடுத்து, மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். ஏழு நாள் கொடுங்கள். அப்புறம் 1915. மாற்றும்வரை அந்த டயரில் ஈர ரோட்டில் சாயாதீர்கள்.

கேள்வி: பங்கில் பெட்ரோல் குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்று சந்தேகம். மீட்டரில் ஜீரோ வைத்தார்களா என்று கவனிக்கவில்லை, போன் பேசிக்கொண்டிருந்தேன். பில்லும் வாங்கவில்லை. (ஒரத்தநாடு)

பதில்: பெட்ரோல் பங்கில் போன். பில் இல்லை. ஜீரோ பார்க்கவில்லை. நான் என்ன செய்யட்டும், தாலாட்டுப் பாடவா? அடுத்த தடவை சந்தேகம் வந்தால் அங்கேயே ஐந்து லிட்டர் அளவுக் குவளையைக் கேளுங்கள். ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட குவளை வைத்திருக்க வேண்டும், கேட்டால் அளந்து காட்ட வேண்டும்.

கேள்வி: இந்த மாதிரி ஓட்டத்தில் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் தருமா? (தஞ்சாவூர்)

பதில்: நல்ல கேள்வி, வாங்கியபிறகு யாரும் பாலிசியைப் படிப்பதில்லை. பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் பாருங்கள். நம் ஊர் மோட்டார் பாலிசிகளில் வழக்கமாகப் பந்தயம், வேகச் சோதனை, அதோடு 'ரிலையபிலிட்டி டிரயல்', அதாவது வண்டி தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை ஓட்டம், இதற்கும் பாதுகாப்பு இல்லை என்று இருக்கும். ஆயிரம் மைல் ஓட்டம் பந்தயம் இல்லை, தனியாக ஓட்டுவதுதான். ஆனால் அந்த மூன்றாவது வார்த்தையை வைத்து இழுத்தடிக்க இடம் இருக்கிறது. கம்பெனிக்கு இப்போதே மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னது காற்றோடு போகும்.

கேள்வி: ஐயா, என் மகன் ஒரே நாளில் ஹூப்ளி போய் வருகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். தடுக்க முடியவில்லை. தூக்கம் வராமல் இருக்க எந்த எனர்ஜி டிரிங்க் வாங்கிக் கொடுக்கட்டும்? (மன்னார்குடி)

பதில்: முதல் கடிதத்துத் தம்பியின் அம்மாவோ? எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள் அம்மா. டப்பா பானம் தூக்கத்தைக் கடன் வாங்கித் தரும்; கடன்காரன் இரவு பதினொரு மணிக்கு வந்து நிற்பான். வெயிலுக்கு மருந்துக்கடையில் ஓஆர்எஸ் பொட்டலம் வாங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 21 கிராம், உறையில் உலக சுகாதார நிறுவனக் கலவை என்று இருக்க வேண்டும். ஓஆர்எஸ் என்று பெயர் வைத்து அட்டைப் பெட்டியில் விற்ற இனிப்புத் தண்ணீர் வேறு. அந்தப் பெயரை அப்படி வைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை போட்டது. கடையில் பழைய இருப்பு இருக்கலாம், பார்த்து வாங்குங்கள்.

முந்தின நாள் மதியம் சோறு போட்டுத் தூங்க வையுங்கள். விடிகாலை மூன்றுக்குக் கிளம்பினால், திரும்பும்போது கிருஷ்ணகிரிக்கு வர இரவு பதினொன்றை நெருங்கும். 1,300 கிலோமீட்டர் ஓடிய கண்ணுக்கு அதுதான் கெட்ட நேரம். எனர்ஜி டிரிங்குக்கு வைத்த காசோடு கொஞ்சம் சேர்த்து, கிருஷ்ணகிரியில் ஒரு லாட்ஜ் ரூம் போட்டுவையுங்கள். கண் சொருகினால் படுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் வரட்டும். சான்றிதழ் போனால் போகிறது. ரூமுக்குப் பில் வாங்கச் சொல்லுங்கள்.