ஃபேடரைத் தொட்டதும் ஒலி ஏன் எகிறுகிறது?

கேள்வி: ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளில் பாட்டு அமைக்கிறேன். மவுஸ் பயன்பாட்டைக் குறைக்க, 8 ஃபேடர் (மேலும் கீழும் தள்ளும் நகர்த்தி), 8 குமிழ் உள்ள மிடி கன்ட்ரோலர் (மென்பொருளை இயக்கும் கைக்கருவி) வாங்கினேன். ஃபேடரைத் தொட்டாலே ஒலி எகிறுகிறது. புதுப் பாட்டு தொடங்கினால், ஃபேடர், குமிழ்களுக்கும் மென்பொருளுக்கும் நான் அமைத்த இணைப்புகள் எல்லாம் மறைந்துவிடுகின்றன. என்ன செய்யலாம்?
– வாசகர், செங்காங்

பதில்: கருவியில் பழுதில்லை. உங்கள் ஃபேடருக்குத் தானாக நகர மோட்டார் கிடையாது. அது மேலே நிற்க, திரையில் உள்ள ஃபேடர் கீழே இருக்கும். தொட்ட நொடியில் திரை ஃபேடர் உங்கள் விரல் இருக்கும் இடத்துக்குத் தாவுகிறது. மென்பொருளின் அமைப்புகளில் மிடி பக்கத்துக்குப் போய், 'டேக்ஓவர் மோடு' என்பதை 'பிக்-அப்' ஆக்குங்கள். அதன்பின் கருவியின் ஃபேடர் திரையில் உள்ள அளவைக் கடக்கும்வரை ஒலி அசையாது. முதலில் வேலை செய்யாததுபோல் தோன்றும், பொறுமையாக நகர்த்துங்கள்.

இன்னொன்றையும் அவசியம் செய்யுங்கள். கன்ட்ரோல்+எம் அழுத்தினால் வரும் இணைப்புப் பட்டியலில், ஒலியளவின் உச்சத்தை +6 டெசிபலிலிருந்து 0க்கு இறக்குங்கள். அடுக்குமாடி வீட்டில் இரவு 10.30க்குமேல் ஹெட்போனில்தானே வேலை? காது முக்கியம்.

இணைப்புகள் அந்தப் பாட்டுக் கோப்பிலேயே பதிவாகின்றன. ஆகவே காலிக் கோப்பில் 8 டிராக் (ஒலித்தடம்) வைத்து, எல்லாவற்றையும் இணைத்து, ஃபைல் மெனுவில் இயல்பு டெம்ப்ளேட்டாக (புதுப் பாட்டு தொடங்கும்போது தானே திறக்கும் மாதிரிக் கோப்பு) சேமியுங்கள்.

குமிழ்களை எஃபெக்ட் ராக்கின் (ஒலி விளைவுகளின் தொகுப்பு) மேக்ரோக்களுக்கு, அதாவது பல அமைப்புகளை ஒன்றாக மாற்றும் திரைக் குமிழ்களுக்கு, ஒதுக்குங்கள். மிடியில் வழக்கமாக 0 முதல் 127 வரை 128 படிகள்தாம். ஃபில்டரை (ஒலியின் சில பகுதிகளை வடிகட்டுவது) மெல்லத் திருப்பும்போது படிப்படியாகக் கேட்டால், மேக்ரோவின் வீச்சைச் சுருக்குங்கள். கிளிப் (ஒலித் துண்டு) வெட்டுவதற்கு மட்டும் மவுஸே வசதி.