எலிக்குச் சர்க்கரை குறைந்தது, எனக்கும் குறையுமா?

கேள்வி: வயது 52, எடை 70 கிலோ. நான்கு வருடமாக டைப் 2 சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். ஆவாரம்பூச் சாறு கொடுத்த எலிகளுக்குச் சர்க்கரை நன்றாகக் குறைந்ததாகப் படித்தேன். அளவு கிலோவுக்கு 400 மி.கி. என்றால் எனக்கு 28 கிராம் வருகிறது. அவ்வளவு பொடி சாப்பிட்டுவிட்டு மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். 28 கிராம் கணக்கும் தப்பு. சிறிய பிராணிகளின் உடலில் மருந்து பெரும்பாலும் வேகமாகக் கழிந்துவிடும். அதனால் எலிக்கான அளவை 6.2-ஆல் வகுக்க வேண்டும். சுண்டெலியாக இருந்தால் 12.3-ஆல். அப்படிப் பார்த்தால் கிலோவுக்குச் சுமார் 65 மி.கி., உங்கள் எடைக்கு நாலரை கிராம். அதுவும் ஆய்வகத்தில் வடித்துச் செறிவாக்கிய சாற்றுக்கு. கடையில் வாங்கும் பொடிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அதைவிட முக்கியமாக, அந்த எலிக்கு நோய் எப்படி வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தை ஊசியில் ஏற்றித்தான் வரவழைப்பார்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களுக்குள் புகுந்து அவற்றை அது கொல்லும். கிலோவுக்கு 50–60 மி.கி. ஒரே ஊசியாகப் போட்டால் மூன்று நாளில் எலிக்கு இன்சுலின் வற்றிவிடும். அது டைப் 1-க்கு நெருக்கமான நிலை. உங்களுக்கு இன்சுலின் சுரக்கிறது, உடல் அதற்குச் சரியாக மசியவில்லை. இரண்டும் வேறு நோய்.

எலிக்கு டைப் 2 போன்ற நோயை வரவழைக்க வேண்டுமென்றால், பாதிக்கு மேல் கலோரி கொழுப்பிலிருந்து வரும் தீனியை இரண்டு வாரமாவது போட்டு, பிறகு கிலோவுக்கு 35 மி.கி. அளவில் குறைந்த ஊசி போடுவார்கள். இங்கேதான் சொதப்பல் நடக்கும். சற்றுக் கூடினால் டைப் 1 ஆகிவிடும். குறைந்தால் சில வாரங்களில் சர்க்கரை தானாகவே இறங்கும், பெயர் மூலிகைக்குப் போகும். ஸ்ட்ரெப்டோசோடோசினைக் கரைத்து வைத்தால் சீக்கிரம் சிதையும் என்பதால், கடைசியாக ஊசி போட்ட எலிக்கு வீரியம் குறைந்திருக்கும். சாகும் செல்கள் தம்மிடமுள்ள இன்சுலினைக் கொட்டுவதால் முதல் நாள் சர்க்கரை அபாயமாகச் சரியும். சர்க்கரைத் தண்ணீர் வைக்காவிட்டால் எலி செத்துப்போகும். இதையெல்லாம் தாண்டி, சில நாள் கழித்து அளந்து, சர்க்கரை உயர்ந்தே நிற்கும் எலிகளை மட்டும்தான் ஆய்வில் சேர்க்க வேண்டும்.

சாறு எப்போது கொடுத்தார்கள் என்பதையும் கவனியுங்கள். ஊசிக்கு முன்பே கொடுத்திருந்தால், அது விஷத்தைத்தான் தடுத்திருக்கலாம். வந்த நோயைக் குணமாக்கியதாகச் சொல்ல முடியாது. சாறு குடித்த எலிகள் தீனியைக் குறைத்தனவா என்றும் பாருங்கள். பாதி வயிறு சாப்பிட்டாலே சர்க்கரை இறங்கும்.

எலிக்கு நோயைச் சரியாக வரவழைத்தாலும் ஒரு குறை உண்டு. டைப் 2 நோயாளிகள் பலரின் கணையத்தில் படியும் அமிலாய்டு என்ற புரதப் படிவு எலிக்கு இயல்பாகப் படியாது. பூனைக்கும் குரங்குக்கும் படியும்.

ஆவாரம்பூத் தேநீர் குடிக்க ஆசையென்றால் முதலில் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். கிளிமிபிரைடு தனியாகவே தாழ்சர்க்கரை உண்டாக்கும். இரண்டு வாரம் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்திலும் அளந்து எழுதி வையுங்கள். 70-க்குக் கீழே போனாலோ, வியர்த்து நடுங்கினாலோ, மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி அளந்து பார்த்து, அன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.